ஏசி மின்சாரம் எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாறுதிசை மின்சாரத்தின் தொடக்கக் கதை என்றாலே எடிசன், டெஸ்லா என்ற இரண்டு பெயர்கள்தான் காதில் விழுகின்றன. ஒருவர் வில்லன், இன்னொருவர் கைவிடப்பட்ட மேதை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவுகளும் யூடியூப் வீடியோக்களும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. நடந்தது வேறு. இந்தக் கதை பாரிஸ், டூரின், புடாபெஸ்ட், பிட்ஸ்பர்க், பிராங்க்ஃபர்ட் என்று ஊர் ஊராக நகர்ந்தது. அதில் உழைத்தவர்களில் பாதிப் பேரின் பெயரை நாம் பாடப்புத்தகத்தில் பார்த்ததே இல்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கையும் கொடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

ஏசிக்கும் டிசிக்கும் என்ன வித்தியாசம்?

டிசி, அதாவது நேர்திசை மின்னோட்டம், கம்பியில் ஒரே திசையில் ஓடும். பேட்டரி தருவது இதைத்தான். ஏசி, அதாவது மாறுதிசை மின்னோட்டம், ஒரு திசையில் ஏறித் தணிந்து, பிறகு எதிர்த்திசையில் ஏறித் தணியும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் இந்தச் சுற்று நொடிக்கு 50 முறை நடக்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான்.

இரண்டில் எது முதலில் வந்தது?

பேட்டரியைக் கணக்கில் எடுத்தால் டிசி. 1800-ல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா பேட்டரியைச் செய்துவிட்டார். ஆனால் சுழலும் இயந்திரத்திலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது முதலில் வந்தது ஏசிதான்.

1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே பாரிஸில் கருவிகள் செய்துவந்த இப்போலித் பிக்சி, கைப்பிடியால் சுற்றும் ஒரு ஜெனரேட்டரைச் செய்தார். காந்தம் சுழலச் சுழல, கம்பிச்சுருளில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக வந்தது. அன்றைக்குத் தெரிந்த வேலைகளான மின்முலாம் பூசுதல், தந்தி, வேதியியல் சோதனை எல்லாமே ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைக் கேட்டன. அதனால் பிக்சி, இயற்பியலாளர் ஆம்பியர் சொன்ன யோசனைப்படி, கம்யூட்டேட்டர் என்ற திசைமாற்றியைச் சேர்த்து ஏசியை டிசியாக்கினார். அடுத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு, ஜெனரேட்டரில் தானாகவே வரும் ஏசியைத் திருத்தவேண்டிய ஒரு குறையாகத்தான் பலரும் பார்த்தார்கள்.

அப்படியானால் ஏசியை நகரத் தெருவில் வேலைக்குக் கொண்டுவந்தது யார்?

பாவெல் யாப்லோச்கோவ் என்ற ரஷ்யப் பொறியாளர். 1876-ல் பாரிஸில் அவர் ஒரு வில்விளக்கைச் செய்தார். இரண்டு கரிக்குச்சிகளை அருகருகே நிறுத்தி, நடுவில் ஜிப்சம் போன்ற பொருளை வைத்து, உச்சியில் மின்வில், அதாவது இரண்டுக்கும் இடையே பாயும் மின்சாரத்தின் சுடர், எரியும்படி அமைத்தார். டிசி கொடுத்தால் ஒரு குச்சி மற்றதைவிட வேகமாகக் கரைந்துவிடும். ஏசி கொடுத்தால் இரண்டும் சமமாகக் கரையும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஏசி ஜெனரேட்டர்களுக்குப் பெரிய சந்தை பிறந்தது. 1878 உலகக் கண்காட்சியின்போது பாரிஸின் ஓபரா சாலை இந்த விளக்குகளால் ஒளிர்ந்தது.

வீட்டுக்குள் வைக்க முடியாத அளவுக்குக் கண்ணைக் கூசும் வெளிச்சம் அது. எடிசனின் குண்டு பல்பு வந்ததும் யாப்லோச்கோவின் விளக்கு மறைந்துபோனது. ஆனாலும் ஒரு நகரத்தின் தெருவில் ஏசி நம்பகமாக ஓடும் என்று முதலில் காட்டியது அதுதான்.

எடிசன் ஏன் டிசியைப் பிடித்துக்கொண்டார்? வெறும் பிடிவாதமா?

தொடக்கத்தில் அது பிடிவாதம் அல்ல, நல்ல பொறியியல். 1882 செப்டம்பர் 4-ம் தேதி நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்தை அவர் இயக்கியபோது டிசிக்கு மோட்டார் இருந்தது, ஏசிக்கு உருப்படியான மோட்டார் இல்லை. டிசியைப் பேட்டரியில் சேமிக்கலாம், ஏசியை முடியாது. டிசியை அளக்க எடிசனிடம் ஒரு மீட்டர் இருந்தது, ஏசிக்கு இல்லை. பல டைனமோக்களை ஒன்றாக இணைத்து ஓட்டுவதும் டிசியில் எளிது. 1882-ல் ஒரு நகரத்துக்கு மின்சாரம் கொடுக்கவேண்டிய பொறுப்பு நம்மிடம் இருந்திருந்தால் நாமும் டிசியைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம்.

அவர் பிடிவாதம் பிடித்தது பின்னால்தான். 1886-க்குப் பிறகு நிலைமை மாறியது, அவர் மாறவில்லை.

டிசியில் தூரம் மட்டும் ஏன் அவ்வளவு பெரிய சிக்கல்?

கம்பியில் வீணாகும் மின்சாரம், அதில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தெருவுக்கு 10 கிலோவாட் அனுப்ப வேண்டும், போகவரும் கம்பியின் மின்தடை 0.1 ஓம். 100 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் ஓடும்; கம்பியிலேயே 1000 வாட் சூடாகப் போய்விடும். அதே 10 கிலோவாட்டை 1000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர் போதும். இழப்பு 10 வாட் மட்டுமே. வோல்ட்டேஜ் பத்து மடங்கு ஏறினால் இழப்பு நூறில் ஒரு பங்காகிறது.

எடிசனின் விநியோகம் சுமார் 110 வோல்ட். இழப்பைக் குறைக்க ஒரே வழி, செம்புக் கம்பியைத் தடிமனாக்குவது. செம்போ விலை உயர்ந்தது. மூன்று கம்பி முறை என்ற ஒன்றைக் கொண்டுவந்து அவர் செம்பை ஓரளவு மிச்சப்படுத்தினார். அப்படியும் ஒரு மின்நிலையத்தால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம் வரைதான் மின்சாரம் கொடுக்க முடிந்தது. நெருக்கமான மன்ஹாட்டனுக்கு அது சரி. வீடுகள் சிதறிக் கிடக்கும் சிற்றூருக்கு ஒத்துவராது. மலையில் விழும் அருவியின் சக்தியை நகரத்துக்குக் கொண்டுவரவும் வழியில்லை.

வோல்ட்டேஜை ஏற்றி அனுப்பி, வீட்டு வாசலில் இறக்கிக் கொடுக்க வேண்டும். டிசியில் அதைச் சுலபமாகச் செய்யும் கருவி அன்றைக்கு இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரைக் கண்டுபிடித்தது யார்?

ஒரே பெயரைச் சொல்ல முடியாத கேள்வி இது. இந்த வரலாற்றின் உயிர்நாடியும் இதுதான்.

தத்துவம் ஃபாரடேயுடையது. 1831-ல் இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தை மாற்றினால் மற்றதில் மின்சாரம் எழுவதை அவர் பார்த்தார். இன்று தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே இருப்பதும் அதே அமைப்புதான். ஆனால் அதை மின்விநியோகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்ற ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1880-களின் தொடக்கத்தில் லூசியன் கோலார்ட் என்ற பிரெஞ்சுக்காரரும் ஜான் கிப்ஸ் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து லண்டனில் ஒரு கருவியைக் காட்டினார்கள். 1884-ல் இத்தாலியின் டூரின் நகரக் கண்காட்சியில் இன்னும் துணிந்து, நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த லான்சோ ரயில் நிலையம் வரை கம்பி இழுத்து விளக்கெரித்தார்கள். 2000 வோல்ட் ஏசி. அவ்வளவு தூரத்துக்கு ஏசி போகும் என்று அன்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இத்தாலிய அரசு பரிசு கொடுத்தது.

ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. கோலார்ட் தன் டிரான்ஸ்ஃபார்மர்களில் மின்சாரம் நுழையும் முதன்மைச் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தார். திருவிழாவில் கட்டும் சீரியல் பல்புச் சரம் மாதிரிதான்: ஓரிடத்தில் விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் மற்ற எல்லா இடங்களிலும் வோல்ட்டேஜ் ஆடும். இரண்டாவது குறை, சுருள்களுக்கு நடுவே இருக்கும் இரும்பு உள்ளகம் இரு முனையிலும் திறந்திருந்தது. காந்தப்புலத்தில் ஒரு பகுதி காற்றில் வீணானது.

இந்த இரண்டையும் சரிசெய்தவர்கள் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த மூன்று ஹங்கேரியர்கள்: காரொய் சிபெர்னோவ்ஸ்கி, ஓட்டோ பிளாத்தி, மிக்ஷா டேரி. பிளாத்திக்கு அப்போது இருபத்து நான்கு வயதுதான். 1885-ல் அவர்கள் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரைச் செய்து, எல்லாவற்றையும் இணையாக இணைத்தார்கள். ஒரு வீட்டில் விளக்கை அணைத்தால் அடுத்த வீட்டுக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஆண்டு புடாபெஸ்ட் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள் இப்படி எரிந்தன. டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் இந்த மூவர்தான்.

இன்றைக்கு உலகத்தின் ஒவ்வொரு தெருவும் மின்சாரம் பெறுவது இவர்கள் போட்ட வழியில்தான். நம்மில் எத்தனை பேருக்கு இவர்களின் பெயர் தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த ஹங்கேரியக் காப்புரிமையை அமெரிக்காவில் பயன்படுத்தும் உரிமைக்கு எடிசனின் நிறுவனம் முன்பணம் கொடுத்து வைத்திருந்தது. பிறகு அதைக் கைவிட்டது. ஏசி எடிசனின் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

கோலார்ட் பிறகு என்ன ஆனார்?

1888-ல் கோலார்ட், கிப்ஸ் இருவரின் காப்புரிமையை இங்கிலாந்து நீதிமன்றம் ரத்து செய்தது. மனம் உடைந்து, பாரிஸில் ஒரு மனநல மருத்துவமனையில் அதே ஆண்டு கோலார்ட் இறந்துபோனார். வயது நாற்பதைக்கூட எட்டவில்லை. அவர் காட்டிய வழி இல்லாமல் ஹங்கேரியர்களும் அமெரிக்கர்களும் அவ்வளவு சீக்கிரம் முன்னேறியிருக்க முடியாது.

அமெரிக்காவுக்கு ஏசியைக் கொண்டுவந்தது டெஸ்லாவா?

இல்லை. டெஸ்லாவின் காப்புரிமைகள் வருவதற்கு முன்பே அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ரயில் பிரேக்கில் பணம் சம்பாதித்த பிட்ஸ்பர்க் தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், 1885-ல் சில கோலார்ட் டிரான்ஸ்ஃபார்மர்களையும் சீமென்ஸ் நிறுவனத்தின் ஏசி ஜெனரேட்டர் ஒன்றையும் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார். அவரிடம் வேலை பார்த்த வில்லியம் ஸ்டான்லி உடல்நலம் குன்றி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூருக்குப் போயிருந்தார். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரப்பர் ஆலையில் ஆய்வுக்கூடம் அமைத்து, தானே வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர்களைச் செய்தார். 1886 மார்ச்சில் ஊரின் பிரதான வீதியில் உள்ள கடைகளில் விளக்கெரிந்தது. 500 வோல்ட்டில் அனுப்பி, கடைக்குள் 100 வோல்ட்டாக இறக்கினார். கம்பிகளைத் தெருவோர மரங்களில் மாட்டியும் டிரான்ஸ்ஃபார்மர்களைக் கட்டடங்களின் நிலவறையில் வைத்தும் வேலையை முடித்திருந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பஃபலோ நகரில் வணிகமுறையில் ஏசி கொடுக்கத் தொடங்கியது. அப்புறம் ஆர்டர்கள் குவிந்தன.

டெஸ்லாவின் பங்கு என்ன?

மோட்டார். அது சிறிய பங்கு அல்ல.

1886-ல் ஏசியால் விளக்கெரிக்க முடிந்தது, ஆனால் ஆலையில் இயந்திரம் ஓட்ட முடியவில்லை. விளக்குக்கு மட்டும் பயன்பட்டால் மின்நிலையம் பகலெல்லாம் சும்மா கிடக்கும். டெஸ்லா 1887 அக்டோபரில் விண்ணப்பித்து 1888 மே 1-ம் தேதி பெற்ற காப்புரிமைகள் இந்த இடைவெளியை நிரப்பின. ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக வரும் இரண்டு ஏசி மின்னோட்டங்களைத் தனித்தனிச் சுருள்களில் செலுத்தினால், நடுவில் உருவாகும் காந்தப்புலம் தானாகவே சுழலும். அந்தப் புலத்துக்குள் வைத்த உலோக உருளையும் அதைத் தொடர்ந்து சுழலும். உருளைக்கு வெளியிலிருந்து எந்தக் கம்பி இணைப்பும் வேண்டாம். தேயும் கார்பன் பிரஷ் இல்லை, தீப்பொறி பறக்கும் கம்யூட்டேட்டர் இல்லை. இன்று கிணற்று மோட்டார் முதல் மாவு மில் வரை ஓடுவது இந்தத் தத்துவத்தில்தான்.

1888 மே 16-ம் தேதி அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் டெஸ்லா இதைப் பற்றிப் பேசினார். ஜூலையில் வெஸ்டிங்ஹவுஸ் உரிமையை வாங்கிக்கொண்டார். ரொக்கமும் பங்கும் போக, ஒரு குதிரைசக்திக்கு இரண்டரை டாலர் உரிமத்தொகை என்று ஒப்பந்தம்.

கலிலியோ ஃபெராரிஸ் என்பவர் டெஸ்லாவுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்கிறார்களே?

டூரின் நகரப் பேராசிரியர் ஃபெராரிஸ் 1885-லேயே சுழலும் காந்தப்புலத்தைச் சோதனையில் காட்டியிருந்தார். 1888 மார்ச்சில், டெஸ்லாவின் காப்புரிமை வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதை டூரின் அறிவியல் கழகத்தில் கட்டுரையாக வெளியிட்டார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஃபெராரிஸ் காப்புரிமை எடுக்கவில்லை. அந்த மோட்டாரின் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது என்று கணக்கிட்டு, நடைமுறைக்கு உதவாது என்றும் எழுதிவிட்டார். அந்தக் கணிப்பு தவறு, கண்டுபிடிப்பு சரி.

டெஸ்லாவின் மோட்டார் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

உடனே இல்லை. வெஸ்டிங்ஹவுஸின் மின்நிலையங்கள் நொடிக்கு ஏறத்தாழ 133 சுற்றுகளில் ஒருமுனை மின்சாரம், அதாவது ஒரே ஒரு ஏசி மின்னோட்டம், கொடுத்துக்கொண்டிருந்தன. டெஸ்லாவின் மோட்டாருக்கு அதைவிட மிகக் குறைந்த அலைவெண்ணும் ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளும் வேண்டும். இருக்கும் கட்டமைப்பை அடியோடு மாற்றாமல் மோட்டாரை விற்க முடியாது. இதோடு 1890-91-ல் நிதி நெருக்கடி வந்து நிறுவனமே ஆட்டம் கண்டது. டெஸ்லா குதிரைசக்திக்கான உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தது இந்தச் சமயத்தில்தான். ஒப்பந்தத்தை அவர் கிழித்துப்போட்டார் என்று பரவலாகச் சொல்லப்படும் காட்சி, பிற்காலத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது. 1897-ல் நிறுவனம் 2,16,000 டாலர் கொடுத்துக் காப்புரிமைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டது.

நடைமுறைக்கேற்ற மோட்டாராக அதை வடித்தெடுத்ததில் பெஞ்சமின் லாம், சார்லஸ் ஸ்காட் போன்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர்களின் உழைப்பு நிறைய உண்டு.

ஏசிக்கு மீட்டர் எப்போது வந்தது?

1888 ஏப்ரலில். ஆலிவர் ஷாலன்பெர்கர் என்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர் ஒரு ஏசி வில்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கழன்று விழுந்த சிறு ஸ்பிரிங் ஒன்று மெல்லச் சுழல்வதைக் கவனித்தார். தட்டிவிட்டுப் போகாமல், ஏன் சுழல்கிறது என்று யோசித்தார். சில வாரங்களில் ஏசியை அளக்கும் மீட்டர் தயார். மறு ஆண்டு புடாபெஸ்டில் பிளாத்தி வாட்-மணி அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்தார். பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் மீட்டர் அந்த வம்சம்தான்.

'மின்னோட்டப் போர்' என்பது என்ன? நாய்களைக் கொன்றது உண்மையா?

உண்மை. ஏசி விற்ற வெஸ்டிங்ஹவுஸ் தரப்புக்கும் டிசி விற்ற எடிசன் தரப்புக்கும் நடந்த வியாபாரப் போட்டிதான் மின்னோட்டப் போர். இந்த வரலாற்றின் வெட்கக்கேடான பகுதி அது.

1888 ஜூனில் ஹரால்ட் பிரவுன் என்ற மின்பொறியாளர், ஏசி மனிதர்களைக் கொல்லும், தடைசெய்ய வேண்டும் என்று நியூயார்க் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு எடிசனின் ஆய்வுக்கூடம் இடமும் கருவியும் கொடுத்தது. ஜூலை 30-ம் தேதி கொலம்பியா கல்லூரியில் பார்வையாளர்கள் முன்னிலையில் ஒரு நாயை முதலில் டிசியால் துன்புறுத்தி, பிறகு ஏசியால் கொன்றார். டிசம்பரில் கன்றுகளும் ஒரு குதிரையும் பலியாயின. மரணதண்டனைக்கு மின்சாரத்தைப் பயன்படுத்த நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியபோது, வெஸ்டிங்ஹவுஸ் ஜெனரேட்டர்களையே அதற்குப் பயன்படுத்த வைத்தார் பிரவுன். 1889 ஆகஸ்டில் அவருடைய அலுவலகத்திலிருந்து திருடப்பட்ட கடிதங்கள் செய்தித்தாளில் வெளியானபோது, போட்டி நிறுவனங்கள் அவருக்குப் பின்னால் இருந்தது அம்பலமானது.

1890 ஆகஸ்ட் 6-ம் தேதி ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்ட முதல் மனிதரானார். முதல் முறை செலுத்தியதில் உயிர் போகவில்லை, மறுபடியும் செலுத்தினார்கள். வியாபாரப் போட்டி ஒரு மனிதனின் சாவு வரை போனது.

இதைச் சொல்லும்போதே இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆபத்து பற்றிய பயம் முழுக்கக் கட்டுக்கதை அல்ல. நியூயார்க் தெருக்களில் தந்தி, தொலைபேசி, வில்விளக்குக் கம்பிகள் எல்லாம் ஒரே கம்பத்தில் பின்னிக்கிடந்தன. பலவற்றின் காப்புறை இற்றுப்போயிருந்தது. 1889 அக்டோபர் 11-ம் தேதி ஜான் ஃபீக்ஸ் என்ற லைன்மேன், நட்டநடுப் பகலில், மக்கள் கீழே நின்று பார்க்க, கம்பிவலையில் சிக்கி மின்சாரம் பாய்ந்து இறந்தார். அதன் பிறகு நகர நிர்வாகம் ஆபத்தான கம்பிகளை அறுத்து, கம்பங்களைச் சாய்ப்பதில் மும்முரமானது. எந்தக் கம்பி யாருடையது, எதில் எவ்வளவு வோல்ட் என்று தெரியாத நிலைதான் அவரைக் கொன்றது.

எடிசன் யானையைக் கொன்றாரா?

இல்லை. டாப்ஸி என்ற யானை கோனி தீவில் மின்சாரத்தால் கொல்லப்பட்டது 1903 ஜனவரியில். மின்னோட்டப் போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எடிசன் மின்விநியோகத் தொழிலிலேயே அப்போது இல்லை. அவர் பெயர் தாங்கிய திரைப்பட நிறுவனம் அதைப் படம் பிடித்தது. கதை அங்கிருந்துதான் கிளம்பியது.

ஐரோப்பாவில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?

அமெரிக்காவில் சண்டை நடந்த அதே ஆண்டுகளில் ஐரோப்பா முன்னே போய்க்கொண்டிருந்தது. லண்டனில் செபாஸ்டியன் டி ஃபெராண்டி, இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர், தேம்ஸ் கரையில் டெப்ட்ஃபோர்டில் ஒரு பெரிய மின்நிலையம் எழுப்பி 10,000 வோல்ட்டில் நகரத்துக்கு அனுப்பத் திட்டமிட்டார். அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் கேபிள் சந்தையில் இல்லை. மெழுகில் தோய்த்த காகிதத்தைச் சுற்றித் தானே செய்தார். அது பாதுகாப்பானது என்று காட்ட, மின்சாரம் ஓடும் கேபிளில் உளியை வைத்து அடித்து இறக்கச் செய்தார். உளியைப் பிடித்திருந்த உதவியாளருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மும்முனை மின்சாரம் யாருடைய கண்டுபிடிப்பு?

நம் விவசாயிகள் மும்முனை மின்சாரத்துக்காக ராத்திரி கண்விழிப்பார்களே, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மிகயீல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்து, ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மூன்று மின்னோட்டங்களைச் சமமான இடைவெளியில் முன்பின்னாக அனுப்பினால், எந்த நொடியிலும் மூன்றையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். ஆகவே திரும்பிவரத் தனிக் கம்பிகள் வேண்டாம். ஆறு கம்பிகள் செய்யும் வேலையை மூன்றே செய்யும். 1889-ல் அவர் செய்த அணில்கூட்டு மோட்டார் (சுழலும் பகுதி அணில் கூண்டு போல இருப்பதால் இந்தப் பெயர்), வடிவத்தில் இன்றைய மோட்டாருக்கு மிக நெருக்கமானது.

1891-ல் பிராங்க்ஃபர்ட் நகரில் மின்சாரக் கண்காட்சி. அதை நடத்திய ஆஸ்கர் ஃபான் மில்லர் ஒரு துணிச்சலான காரியத்துக்கு ஏற்பாடு செய்தார். நெக்கர் ஆற்றங்கரையில் லாவ்ஃபென் என்ற ஊரில் ஒரு சிமென்ட் ஆலையின் நீர்ச்சக்தி இருந்தது. அங்கிருந்து பிராங்க்ஃபர்ட் வரை 175 கிலோமீட்டருக்கு மூன்று செம்புக் கம்பிகளை இழுத்தார்கள். ஜெனரேட்டரைச் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தில் சார்லஸ் பிரவுன் வடிவமைத்தார். 15,000 வோல்ட். பாதி மின்சாரம்கூட வந்துசேராது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் பிராங்க்ஃபர்ட்டில் ஆயிரம் பல்புகள் எரிந்தன. ஒரு மோட்டார் தண்ணீரை மேலேற்றி, செயற்கை அருவியாகக் கொட்டியது. 175 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஆற்றில் விழும் தண்ணீரின் சக்தி இங்கே வந்து மறுபடி அருவியானது. அளந்து பார்த்தபோது சுமார் 75 சதவீதம் வந்துசேர்ந்திருந்தது.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு நாளை நேரில் பார்க்கலாம் என்றால் நான் அந்த நாளைத்தான் கேட்பேன். ஏசியா டிசியா என்ற வாதம் பொறியாளர்கள் மத்தியில் அன்றோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

சிகாகோ கண்காட்சி ஏன் பேசப்படுகிறது?

1893 உலகக் கண்காட்சிக்கு விளக்கெரிக்கும் ஒப்பந்தத்தை வெஸ்டிங்ஹவுஸ் 3,99,000 டாலருக்கு எடுத்தார். எதிரே நின்றது ஜெனரல் எலக்ட்ரிக். எடிசனின் நிறுவனமும் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனமும் 1892-ல் இணைந்து உருவானது. அந்த இணைப்போடு எடிசனின் பெயரே பலகையிலிருந்து போய்விட்டது. எடிசன் பல்பின் காப்புரிமை குறுக்கே நின்றதால், வெஸ்டிங்ஹவுஸ் அவசர அவசரமாக வேறு வடிவில் ஒரு பல்பு செய்ய வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஏசியின் வெளிச்சத்தில் நடந்துபோனார்கள்.

நயாகரா?

நயாகராவின் சக்தியை எப்படி எடுப்பது என்று ஆராய 1890-ல் ஒரு சர்வதேசக் குழு அமைத்தார்கள். தலைவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். வந்த யோசனைகளில் அழுத்தப்பட்ட காற்றைக் குழாயில் அனுப்புவதும் இருந்தது. கெல்வின் ஏசிக்கு எதிரி. 1893-லும் வேண்டாம் என்று தந்தி அனுப்பினார். அப்படியும் அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் வெஸ்டிங்ஹவுஸுக்குப் போனது. ஒவ்வொன்றும் 5000 குதிரைசக்தி கொண்ட இருமுனை ஜெனரேட்டர்கள், 25 ஹெர்ட்ஸ். 1895-ல் பக்கத்திலிருந்த அலுமினிய ஆலைக்கு மின்சாரம் போனது. 1896 நவம்பர் 16-ம் தேதி, நள்ளிரவு தாண்டியதும், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த பஃபலோ நகருக்கு மும்முனையாக மாற்றி 11,000 வோல்ட்டில் அனுப்பினார்கள். அந்த லைனைப் போட்டது ஜெனரல் எலக்ட்ரிக். நேற்றுவரை டிசிக்காகச் சண்டையிட்டவர்களின் வாரிசு நிறுவனம்.

50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று ஏன் இரண்டு?

இயற்கை விதி எதுவும் இல்லை. அலைவெண் அதிகமானால் டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாகும், விளக்கு நடுங்காது. குறைந்தால் மோட்டாருக்கும் நீண்ட லைனுக்கும் நல்லது. நடுவில் எங்கோ நிற்க வேண்டும். வெஸ்டிங்ஹவுஸ் 133-லிருந்து 60-க்கு இறங்கியது. ஜெர்மனியில் ஏஇஜி 50-ல் நின்றது. யாரிடம் இயந்திரம் வாங்கினார்களோ அவர்களுடைய எண் அந்த நாட்டில் தங்கிவிட்டது. ஜப்பானில் இன்றும் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. முதலாவது ஜெர்மன் இயந்திரத்தின் வழி, இரண்டாவது அமெரிக்க இயந்திரத்தின் வழி.

ஏசி வந்ததும் டிசி மின்நிலையங்களை மூடிவிட்டார்களா?

மூடவில்லை. ஏசியை டிசியாக மாற்றும் சுழல் இயந்திரங்களை வைத்து, இரண்டையும் இணைத்து ஓட்டினார்கள். முதலீடு வீணாகாததால்தான் சண்டையும் சீக்கிரம் ஓய்ந்தது. லிஃப்ட், டிராம் போன்றவற்றுக்கு டிசி நெடுங்காலம் ஓடியது. மன்ஹாட்டனில் கடைசி டிசி இணைப்பைத் துண்டித்தது 2007 நவம்பரில்.

இந்தியாவுக்கு ஏசி எப்போது வந்தது?

1897 நவம்பரில் டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் ஒரு சிறிய நீர்மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மொத்தம் 130 கிலோவாட், நகராட்சி விளக்குகளுக்காக.

பெரிய அடி வைத்தது காவிரி. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த பாலக்காட்டுத் தமிழர் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் அமைக்கும் திட்டம் உருவானது. பொறியாளர் ஜோலி டி லோத்பினியேர் வெளிநாடுகளுக்குப் போய் விசாரித்து வந்தார்; ஜெனரல் எலக்ட்ரிக் இயந்திரங்கள் வந்து இறங்கின. 1902 ஜூன் 30-ம் தேதி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அன்றைக்கு உலகின் மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து வெட்டிய சுரங்கங்கள் அவை. காவிரியின் மின்சாரம் முதலில் ஓடியது அவர்கள் தலைக்கு மேல்தான். பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ல். சேஷாத்ரி ஐயர் எதையும் பார்க்கவில்லை, 1901-லேயே இறந்துவிட்டார்.

நீலகிரியின் பைக்காரா நீர்மின்நிலையம் 1932-ல் வந்தது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியது அந்த மின்சாரத்தில்.

இப்போது நீண்ட தூரத்துக்கு டிசிதான் நல்லது என்கிறார்களே? எடிசன் சொன்னது சரியாகிவிட்டதா?

இன்றைய உயர் அழுத்த டிசி எடிசனின் டிசி அல்ல. ஏசியில் உற்பத்தி செய்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, பிறகு மின்னணுக் கருவிகளால் டிசியாக்கி அனுப்பி, மறுமுனையில் திரும்ப ஏசியாக்குகிறார்கள். 1954-ல் ஸ்வீடன் தன் கோட்லாந்து தீவுக்குக் கடலடிக் கேபிளில் இப்படி அனுப்பியது. மிக நீண்ட தூரத்திலும் கடலடியிலும் இதில் இழப்பு குறைவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் வரும் மின்தடம் இந்த வகைதான். 6000 மெகாவாட் வரை தாங்கும். அதன் இரண்டு முனைகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கின்றன.